முதல் முறையாகக் கைமாறிய சொகுசுக் கடிகாரம் வாங்குகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாகப் பழைய கடிகாரங்களைத் தேடி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் கடிகாரம் வாங்கப் போகிற யாராவது ஒருவர் மாதம் ஒருமுறையாவது என்னிடம் கேட்க வருவார். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் பலருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

புதியதையே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

உண்மைதான். பணம் இருந்து, பிடித்த மாடல் கடையில் கிடைத்தால் தாராளமாகப் புதியதை வாங்கலாம். ஆனால் பெரும்பாலான சொகுசுக் கடிகாரங்கள் கடை வாசலைத் தாண்டியதும் மதிப்பில் இறங்கிவிடுகின்றன. அந்த இறக்கத்தை முதலில் வாங்கியவர் தாங்கிக்கொண்டபின் வாங்குவது இரண்டாமவருக்கு லாபம். ரோலெக்ஸின் சில எஃகு மாடல்கள் இதற்கு நேர்மாறு. கடையில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், கைமாறியதே புதியதைவிட அதிக விலைக்குப் போகிறது.

எனக்கு விலையைவிடப் பெரிய காரணம் வேறு. 34, 36 மில்லிமீட்டர் அளவில், மெல்லிய உடம்போடு, அலட்டல் இல்லாத டயலோடு வந்த கடிகாரங்களில் பலவற்றை இன்று யாரும் செய்வதில்லை. அவை வேண்டுமென்றால் பழையதைத்தான் தேட வேண்டும்.

வின்டேஜ் வாங்கவா, மாடர்ன் வாங்கவா?

எத்தனை வருடம் ஆனால் வின்டேஜ் என்று எங்கும் விதி கிடையாது. முப்பது வருடம் தாண்டியதை அப்படிச் சொல்வது வழக்கம். வயதைவிட, அதோடு எப்படி வாழப்போகிறோம் என்பதுதான் கேள்வி. 1960களின் கடிகாரத்தில் பிளாஸ்டிக் கண்ணாடி இருக்கும், கீறல் விழும். பலவற்றில் தேதியை மாற்ற முள்ளைச் சுற்றிச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். மழையில் நனைய விடக் கூடாது. இதையெல்லாம் பாரமாக நினைக்காதவருக்கு வின்டேஜ் தரும் நிறைவை வேறு எதுவும் தராது.

தினமும் கட்ட ஒரே ஒரு கடிகாரம் என்றால், 1990களிலிருந்து 2010 வரைக்குமான காலத்தில் தேடச் சொல்வேன். கீறாத சஃபயர் கண்ணாடி, எளிதில் மாற்றும் தேதி எல்லாம் அதற்குள் பரவலாக வந்துவிட்டன. உருவமோ இன்னும் பெருத்துப் போகவில்லை. உதிரி பாகமும் பழக்கப்பட்ட கையும் கிடைக்கும். ரோலெக்ஸ் 3135 என்ற தன் மெஷினை, அதாவது கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரத்தை, 1988இல் கொண்டுவந்து முப்பது வருடத்துக்கு மேல் செய்தது. அதைத் திறந்து பார்க்காத தேர்ந்த மெக்கானிக் அரிது.

குறிப்பாக எந்த மாடல்?

உங்கள் மணிக்கட்டுக்கு நான் பதில் சொல்ல முடியாது, ஆனால் முதல் முறை வாங்குகிறவரை ஏமாற்றாத சில உண்டு. 1945இல் பிறந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், அதிலும் 36 மில்லிமீட்டர் எஃகு. 1957இல் தொடங்கி 1969இல் நிலாவரை போய்வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், சாவி கொடுக்கிற வகை. 1917இல் வரையப்பட்ட கார்ட்டியே டாங்க். மூன்றுமே வெகுகாலமாக, ஏராளமாகச் செய்யப்பட்டவை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கும், நல்லது எப்படி இருக்கும் என்று கண் பழகும். அரிய மாடலில் அந்த வசதி இல்லை. அரியது என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை இரண்டாவது, மூன்றாவது கடிகாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

டாங்கில் பேட்டரி வகையும் உண்டு. பேட்டரி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். எடுத்துக் கட்டினால் போதும், மணி சரியாக இருக்கும்.

விற்பவரை எப்படி நம்புவது?

இந்த ஒன்றுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கடிகாரத்தைப் பிறகு பாருங்கள், முதலில் விற்பவரைப் பாருங்கள். எத்தனை வருடமாக இதே தொழிலில், இதே பெயரில் இருக்கிறார்? திருப்பி எடுத்துக்கொள்வாரா, எத்தனை நாளுக்குள், எழுத்தில் தருவாரா? பின்மூடியைத் திறந்து மெஷினின் படம் தருவாரா? கடைசியாக யார் சர்வீஸ் செய்தார்கள், என்னென்ன பாகம் மாற்றினார்கள் என்று சொல்கிறாரா?

நல்ல வியாபாரி குறையைத் தானாகவே சொல்வார். "இந்த முள் பிற்காலத்தில் மாற்றியது, செயின் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது" என்று அவர் வாயிலிருந்தே வரும். "அருமையான நிலை, சேகரிப்பாளரிடமிருந்து வந்தது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாதவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "இன்னொருவர் இன்றைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்" என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவரே வாங்கட்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.

முகம் பார்க்காமல் இணையத்தில் வாங்குவதானால் மூன்று காரியம் செய்யுங்கள். நீங்கள் சொல்லும் நேரத்தில் முள்ளை நிறுத்தி, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதி வைத்து ஒரு படம் கேளுங்கள். கடிகாரம் அவர் கையில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பணத்தை நேராக அவர் கணக்குக்கு அனுப்பாமல், பொருள் உங்கள் கைக்கு வரும்வரை நடுவில் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டில் கட்டுங்கள்; 2003இல் தொடங்கிய குரோனோ24 போன்ற தளங்களில் அது உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவதானால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சில நிறுவனங்கள் தாங்களே சோதித்துச் சான்று கொடுத்து விற்கின்றன. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் அப்படித் தொடங்கியது, இரண்டு வருட உத்தரவாதம் தருகிறது. விலை கூடத்தான். ஆனால் சரிபார்த்துக் கொடுக்கத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாதவருக்கு அந்தக் கூடுதல் வீண் செலவு ஆகாது.

பழைய கடிகாரத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

டயலை. வின்டேஜ் கடிகாரத்தின் மதிப்பில் பெரும் பங்கு அந்தச் சின்ன வட்டத்தில்தான் இருக்கிறது.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் முதல் வின்டேஜ் 1960களின் ஒமேகா சீமாஸ்டர். டயல் நேற்று செய்ததுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐம்பது வருடம் ஆகியும் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் வாங்கினேன். ஒரு வருடம் கழித்து சர்வீஸுக்குக் கொடுத்தபோது, மெக்கானிக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நிமிடக் கோடுகள் ஒன்றுபோல் இல்லை. எழுத்தின் ஓரம் மை கசிந்தது மாதிரி இருந்தது. அடியில் 'ஸ்விஸ் மேட்' என்ற வரி டயலின் ஓரத்தை விட்டு மேலே ஏறியிருந்தது. பழைய டயலைச் சுரண்டி மறுபடி வண்ணம் பூசி அச்சடித்திருக்கிறார்கள். ஓடுவதில் குறையில்லை, கடிகாரமும் போலி இல்லை. ஆனால் நான் கொடுத்த விலை பூசாத டயலுக்கான விலை. விற்றவர் பூசியது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் இல்லாமல் கடிகாரம் பார்க்கப் போவதில்லை. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் விழுகின்றனவா, அதே மாடலின் மற்றப் படங்களோடு எழுத்து வடிவம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வயதுக்கேற்ற பழுப்பும் சின்னப் புள்ளிகளும் இருந்தால் எனக்கு நிம்மதி. எழுபது வயதுக்காரருக்கு நரையே இல்லையென்றால்தான் சாயம் பூசியிருப்பாரோ என்று தோன்றும்.

இருட்டில் ஒளிரும் பூச்சில் ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். 1960களின் தொடக்கம்வரை ரேடியம் பூசினார்கள். பிறகு 1990களின் பிற்பகுதிவரை ட்ரிட்டியம். அந்தக் காலத்து டயல்கள் பலவற்றில் ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் ட்ரிட்டியத்தைக் குறிக்கும் 'டி' எழுத்து இருக்கும். அதற்குப் பிறகு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு ஒளிரும், கதிரியக்கம் இல்லாத பூச்சு.

ட்ரிட்டியம் சுமார் 12.3 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1970களின் கடிகாரத்தில் இன்று மிஞ்சியிருப்பது பதினாறில் ஒரு பங்கு அளவுதான். எனவே அந்த வயதுக் கடிகாரம் இருட்டில் மணிக்கணக்காகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். டயலில் பூச்சு பழுத்து மஞ்சளாகவும் முள்ளில் வெள்ளையாகவும் இருந்தால், இரண்டில் ஒன்று பின்னால் வந்தது.

ரேடியம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒளிரவில்லை என்பதால் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதனோடு கலந்த ஒளிரும் பொருள்தான் கெட்டுப்போயிருக்கும்; ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அந்தத் தூள் உடம்புக்குள் போவதுதான் ஆபத்து. மூடியைத் திறப்பது, சுரண்டுவது, ஊதுவது எதையும் வீட்டில் செய்யாதீர்கள்.

போலியை நானே கண்டுபிடித்துவிட முடியுமா?

மட்டமான போலியை முடியும். நல்ல போலியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனால் அசல் என்பார்கள். இன்றைய போலிகளிலும் ஆட்டோமேட்டிக் மெஷின்தான் இருக்கிறது, அவற்றிலும் வழுக்கிக்கொண்டுதான் போகும். 2000களின் தொடக்கத்திலிருந்து ரோலெக்ஸ் கண்ணாடியில் ஆறு மணிக்கு மேலே அதன் சின்னமான கிரீடம் நுணுக்கமாக இருக்கும் என்பதும் போலி செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். பின்மூடியைத் திறந்து, மெஷினைத் தெரிந்தவர் பார்ப்பது ஒன்றுதான் வழி. அந்தக் கட்டணத்தை நீங்களே கொடுத்து, உங்களுக்குத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விற்பவர் சிபாரிசு செய்பவரிடம் வேண்டாம்.

முழுப் போலியைவிட எனக்குக் கவலை தருவது ஒட்டுப்போட்டவை. ஒரு கடிகாரத்தின் உடம்பு, இன்னொன்றின் மெஷின், எங்கோ கிடைத்த முள், எல்லாமே அசல் நிறுவனத்துப் பாகங்கள். சேர்ந்து பிறக்காதவை.

பெரிய ஏலத்தில் வாங்கினால் பயமில்லையே?

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 1957ஆம் வருட வகை ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கும் மேல் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்றும் ஒமேகாவே வெளியிட்டது. செய்த நிறுவனத்தையே ஏமாற்றிய ஒட்டுவேலை அது.

ஏலம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய பெயர் இருக்கிறதே என்று பார்க்காமல் விடாதீர்கள். நிலையைப் பற்றிய எழுத்துக் குறிப்பைக் கேளுங்கள், நேரில் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள், ஏலத்தில் முடிவான சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் கட்ட வேண்டிய கமிஷனைக் கணக்கில் சேருங்கள்.

பெட்டியும் உத்தரவாத அட்டையும் அவசியமா?

மாடர்ன் என்றால் இருப்பது நல்லது, விற்கும்போது உதவும். அட்டையில் உள்ள எண்ணும் கடிகாரத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் அட்டையைப் போலியாக அச்சடிப்பது கடிகாரத்தைப் போலியாகச் செய்வதைவிட எளிது. வெற்றுப் பெட்டிகள் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. அட்டை இருக்கிறது என்பதற்காக மெஷினைப் பார்க்காமல் விடக் கூடாது. வின்டேஜில் காகிதம் இல்லாமல் வருவது சாதாரணம். பெட்டியோடு வரும் சுமாரான கடிகாரத்தைவிட, தனியாக வரும் நல்ல கடிகாரத்தையே எடுப்பேன். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் மட்டும் விலை பேசவே உட்காராதீர்கள்.

பளபளவென்று பாலிஷ் செய்து வைத்திருக்கிறார்கள். நல்லதுதானே?

கண்ணுக்கு நல்லது, கடிகாரத்துக்கு இல்லை. ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. ஸ்ட்ராப் மாட்டுகிற நான்கு கால்களைப் பாருங்கள். விளிம்புகள் கூராக, நான்கும் ஒரே தடிமனில் இருந்தால் கை படாதது. சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி உருண்டிருந்தால் பலமுறை தேய்த்தது. கீறல் உழைத்த அடையாளம், அதோடு வாழலாம். போன உலோகம் திரும்பி வராது. தங்கக் கடிகாரத்தில் இன்னும் கவனம் தேவை, தங்கம் மென்மையானது. உள்ளே 750 என்ற முத்திரை இருந்தால் 18 காரட். முத்திரை தேய்ந்து மங்கியிருந்தால் எவ்வளவு தேய்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

ஏதோ கருவியில் வைத்து எண்கள் காட்டுகிறார்கள். என்ன பார்ப்பது?

அது டைம்கிராஃபர், கடிகாரத்தின் துடிப்பைக் கேட்கும் கருவி. மூன்று எண்கள் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது. துல்லியத்துக்குச் சான்று பெற்ற கடிகாரமான குரோனோமீட்டருக்கு ஸ்விஸ் சோதனையின் எல்லை நாளுக்கு 4 விநாடி பிந்துவதிலிருந்து 6 விநாடி முந்துவதுவரை. அடுத்து, உள்ளே இருக்கும் சமநிலைச் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்கப் படுத்திருக்கும்போது 270இலிருந்து 310வரை இருந்தால் ஆரோக்கியம், 220க்குக் கீழே போனால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. மூன்றாவது, இரு பக்கமும் சமமாக ஆடுகிறதா என்பது. சுழியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது.

மூன்றில் இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். விநாடிக் கணக்கைத் திருகிச் சரிசெய்து காட்டிவிடலாம், வீச்சை அப்படிக் காட்ட முடியாது. ஐந்தாறு நிலைகளில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கருவியில் அந்த மெஷினுக்குரிய கோணத்தையும் (ஒவ்வொரு துடிப்பிலும் சமநிலைச் சக்கரம் உந்தப்படும் கோணம், லிஃப்ட் ஆங்கிள் என்பார்கள்) சரியாகப் போட வேண்டும். பொதுவாக 52 டிகிரி, ஒமேகாவின் கோ-ஆக்ஸியல் மெஷின்களுக்கு 38. தவறாக 52 போட்டு வைத்தால் வீச்சு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

நாளுக்குச் சில நிமிடங்கள் முந்தி ஓடுகிறது என்றால் பயப்படாதீர்கள். காந்தம் ஏறியிருக்கலாம், எடுக்க ஒரு நிமிடம் போதும்.

100 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நீச்சலுக்குக் கட்டலாமா?

எழுதியது செய்த நாளுக்குப் பொருந்தும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காலத்தில் இறுகி வெடித்துவிடும். அழுத்தச் சோதனை செய்து தேறினால் மாடர்னைக் கட்டிக்கொண்டு நீந்தலாம். வின்டேஜை, சோதனையில் தேறினாலும், நான் தண்ணீரில் விடமாட்டேன்.

திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால்?

காணாமல் போன, திருடுபோன கடிகாரங்களின் எண்களைப் பதிந்து வைக்கும் இடங்கள் இருக்கின்றன. தி வாட்ச் ரெஜிஸ்டர் ஒன்று. கார்ட்டியேவின் தாய் நிறுவனமான ரிஷ்மோன் குழுமம் 2023இல் தொடங்கிய என்குவிரஸ் இன்னொன்று. பணம் கொடுக்கும் முன் எண்ணைக் கேட்டு வாங்கித் தேடிப் பாருங்கள். எண்ணைத் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். 2022 தொடக்கத்தில் ஏறிய விலையைப் பார்த்து வாங்கியவர்கள் பலர் அதே வருடத்திலிருந்து இறங்கியதையும் பார்த்தார்கள். கட்டிக்கொள்ள ஆசைப்படாத கடிகாரத்தை விலை ஏறும் என்று வாங்கினால், இறங்கும்போது ஆறுதலுக்கு ஒன்றும் இருக்காது.

சர்வீஸுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

எப்போது சர்வீஸ் செய்தது என்பதற்கு ரசீது இல்லையென்றால், செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு மீதிக்குக் கடிகாரம் தேடுங்கள். நேரம் காட்டுவதோடு, ஓடவிட்டு நிறுத்தி நேரத்தை அளக்கும் வசதியும் உள்ள குரோனோகிராஃப் என்றால் செலவு கூடும். பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை, அதை வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

வின்டேஜை நிறுவனத்துக்கே அனுப்பினால் ஒன்றை மறக்காமல் எழுத்தில் கொடுங்கள்: டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது, பாலிஷ் செய்யக் கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். எழுதாவிட்டால் நல்லெண்ணத்தோடு புது டயல் போட்டு அனுப்பிவிடுவார்கள், பழையது போனது போனதுதான்.

வாங்கியாயிற்று. முதல் வாரம் என்ன செய்ய?

எல்லாப் பக்கமும், எண் தெரியும்படியும், படம் எடுத்து ரசீதோடு கடிகாரம் இல்லாத இடத்தில் வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்றுவரை தேதியைத் திருகி மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் பல்சக்கரங்கள் தேதியைத் தள்ளத் தொடங்கியிருக்கும், பல் உடையலாம். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள். சாவி கொடுக்கிற கடிகாரம் என்றால் கையிலிருந்து கழற்றிவிட்டு, தினமும் ஒரே வேளையில் கொடுங்கள். திருகி எதிர்ப்பு காட்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் விரலுக்குப் பழகிவிடும்.